வெட்டிய மலைக்காட்டில் செடிவகை கூடுதல் என்றால், தொடாத காடு எதற்கு?

மார்ச் 2, ஒரு வாசகரின் கேள்வி

மரம் வெட்டிப் பராமரிக்கும் மலைக்காட்டில் செடிவகைகள் அதிகம், தொடாமல் விட்ட காட்டில் குறைவு என்று ஓர் ஆய்வுச் சுருக்கத்தில் படித்தேன். அப்படியானால் காட்டைச் சும்மா விட்டால்தான் பல்லுயிர் வளம் நிலைக்கும் என்று ஏன் சொல்கிறார்கள்? எண்ணிக்கை ஒன்று சொல்ல, இவர்கள் வேறொன்று சொல்கிறார்களா?

மார்ச் 2, இரவு

நீங்கள் படித்தது சரிதான். ஐரோப்பியக் காடுகளைப் பற்றிய 49 ஆய்வுக் கட்டுரைகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு 2010-ல் வந்தது. மலை, சமவெளி இரண்டும் அதில் உண்டு. எல்லா உயிர்களையும் கூட்டினால் வெட்டாத காடு சற்றே முன்னால் நின்றது. பூக்கும் செடிகளையும் பெரணிகளையும் மட்டும் தனியாக எடுத்தால் வெட்டும் காட்டில்தான் வகை கூடுதல்.

காரணம் வெளிச்சம். நாலு மரத்தை எடுத்தால் மேலே ஓட்டை விழும், வெயில் தரைக்கு வரும், மண் கிளறப்படும். காத்திருந்த விதையெல்லாம் முளைக்கும், காற்றில் வரும் விதையும் இறங்கும்.

ஆல்ப்ஸ் மலையின் கிழக்குப் பக்கத்தில் இரண்டு கோடைக்காலம் இந்த எண்ணும் வேலையைச் செய்திருக்கிறேன். இருபது மீட்டருக்கு இருபது மீட்டர் என்று கயிறு கட்டி, உள்ளே இருக்கும் ஒவ்வொரு செடியையும் பெயர் எழுத வேண்டும். வெட்டிய காட்டில் என் தாள் ஒரு பக்கம் நிரம்பி மறுபக்கம் போனது. பழைய பீச் மரக்காட்டில் அரைப் பக்கம்கூட வரவில்லை. அன்று எனக்கும் உங்கள் கேள்விதான் வந்தது.

மார்ச் 3, காலை

அந்த இரண்டு தாள்களையும் நேற்று இரவு தேடி எடுத்தேன்.

நிரம்பிய தாளில் இருப்பவை: ராஸ்பெர்ரி, தொட்டால் எரியும் நெட்டில், வெட்டிய இடத்துக்கு முதலில் பறந்து வரும் ஊதாப்பூ ஃபயர்வீட், நாலைந்து புல், மூன்று வகைத் திஸில் முள்செடி. மரம் இழுத்த வண்டியின் சக்கரத் தடத்தில் தண்ணீர் தேங்கி அதில் கோரை. பாதையோரத்தில் வளரும் பிளான்டேகோ என்ற சிறு செடி ஒன்று, அதன் விதை ஈரமானால் பசைபோல ஆகிக் காலணியில் ஒட்டிக்கொண்டு வரும். அது என் காலணியிலேயே வந்திருக்கலாம்.

இதில் ஒன்றுகூட அந்தக் காட்டை நம்பிப் பிழைக்கும் செடி கிடையாது. மலையடிவாரச் சாலையோரத்தில் எல்லாமே கிடைக்கும்.

அரைப் பக்கத் தாளில் காட்டுப் புளியாரை (நாம் அறிந்த புளியாரையின் உறவுதான், பூ மட்டும் வெள்ளை), இரண்டு பெரணி, நிழலைத் தாங்கும் ஒரு புல், பீச் நாற்று, ஃபிர் என்ற ஊசியிலை மரத்தின் நாற்று, பச்சையமே இல்லாமல் பூஞ்சையிடமிருந்து உணவு பெறும் பழுப்பு நிறப் பறவைக்கூடு ஆர்க்கிட். இவை காட்டை விட்டு வெளியே வராதவை.

இரண்டு தாளுக்கும் 'எத்தனை வகை' என்ற ஒரே கட்டத்தில் ஓர் எண்ணை எழுதிக் கொடுத்தேன். எது வந்திருக்கிறது என்பதற்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை.

மார்ச் 3, மதியம்

ஒருவர் கேட்கிறார்: "நெட்டிலும் உயிர்தானே, அதைத் தாழ்த்துவது ஏன்?" தாழ்த்தவில்லை. எத்தனையோ வண்ணத்துப்பூச்சிப் புழுக்களுக்கு அதன் இலைதான் சாப்பாடு. காடு போனாலும் நெட்டில் பிழைத்துக்கொள்ளும், பறவைக்கூடு ஆர்க்கிட் பிழைக்காது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

மார்ச் 5

பாசி பற்றி எழுதுகிறேன் என்று நேற்று ஒருவருக்கு வாக்குக் கொடுத்தேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

பாசி என்று நாம் பொதுவாகச் சொல்வதில் குளத்துப் பாசியும் அடங்கும். நான் சொல்வது பாறையிலும் மரத்திலும் மெத்தையாகப் படரும் மாஸ் வகைகளையும், ஈரல் செடி எனப்படும் லிவர்வொர்ட்டுகளையும். பாடநூலில் பிரையோஃபைட்டுகள். இவை முழுக்க முழுக்கத் தாவரங்கள். ஆனாலும் 'தாவர வளம்' என்று தலைப்புப் போட்ட பாதி ஆய்வுகளில் இவை இருக்காது, ஏனென்றால் அடையாளம் காண்பது கடினம். என் முதல் கோடையின் படிவத்திலும் இவற்றுக்குக் கட்டம் இல்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டாம் கோடையில் பாசி அறிந்த ஒரு மூத்த பெண்மணி எங்களோடு வந்தார். பழைய காட்டில், நான் அரைப் பக்கம் எழுதிய அதே சதுரத்தில், விழுந்து கிடந்த ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரம் ஒன்றின் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தார். இரண்டரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

அந்த மரம் விழுந்து பல பத்தாண்டுகள் ஆகியிருக்கும். ஒரு முனை வேரோடு பெயர்ந்து மேடாக நிற்கிறது, மறுமுனை மண்ணோடு மண்ணாகிவிட்டது. பட்டை உதிர்ந்து மரம் இன்னும் கெட்டியாக இருக்கும் பக்கத்தில் செம்பழுப்பு நிறத்தில் ஒரு மெல்லிய படலம். நான் கறை என்று நினைத்திருந்தேன். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை என் கண்ணில் வைத்துக் காட்டினார். ஒவ்வொரு இலையும் கிண்ணம்போல வளைந்து, நுனி இரண்டு கொம்பாகப் பிரிந்திருந்தது. நொவெல்லியா என்ற ஈரல் செடி. பட்டை போன கட்டைதான் அதற்கு வீடு.

இரண்டு கை தள்ளி, விரல் வைத்தால் அமுங்கும் இடத்தில் வேறு வகைகள். இன்னும் தள்ளி, கட்டை முழுக்கப் பழுப்புத் தூளாகிப்போன இடத்தில் காட்டுத்தரையின் பெரிய மாஸ் மெத்தை ஏறியிருந்தது, அதன்மேல் பில்பெர்ரி என்ற குட்டைப் புதர். ஒரே மரத்தின் மேல் நடந்துபோனால் அதன் அழுகலின் எல்லாக் கட்டத்தையும் பார்த்துவிடலாம். ஒவ்வொரு கட்டத்துக்கும் வேறு குடியிருப்பு.

அப்புறம் அவர் ஒரு விரலை உயர்த்தி என்னைச் சும்மா இருக்கச் சொன்னார். கட்டையின் ஈரமான பக்கத்தில், அரை அங்குலத்துக்கும் குறைவான காம்பின்மேல், பச்சையாக, சாய்ந்து உட்கார்ந்த வண்டுபோல ஒன்று. புக்ஸ்பௌமியா விரிடிஸ். இலை என்று சொல்ல ஏறக்குறைய ஒன்றுமில்லை, கண்ணுக்குத் தெரிவது வித்துறை (வித்துகள் நிறைந்த பை) மட்டும்தான். நன்றாக மக்கிய ஊசியிலை மரத்தில்தான் பெரும்பாலும் வரும். ஐரோப்பிய ஒன்றியத்தின் வாழிடச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட இனம். முந்தைய ஆண்டு அதே கட்டையின்மேல் என் பையை வைத்துவிட்டுச் சாப்பிட்டிருக்கிறேன்.

அன்று மாலை அந்தச் சதுரத்தின் பட்டியல் நான் வெட்டிய காட்டில் நிரப்பிய தாளைத் தாண்டிப் போனது.

மார்ச் 5, இரவு

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். கடைசி வரியை வைத்து எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது ஒரு சதுரம், ஒரு நாள். ஆனால் திசை சரி: நான் முதலில் சொன்ன 2010 தொகுப்பிலேயே பாசி, லைக்கன், பூஞ்சை, மக்கிய மரத்தில் வாழும் வண்டு இவை நான்கும் வெட்டும் காட்டில் குறைவாகவே இருந்தன.

மார்ச் 6

ஒரு வாசகர் திருத்தியிருக்கிறார்: லைக்கன் தாவரம் இல்லை. உண்மை. பூஞ்சையும் பாசியும் (இங்கே குளத்துப் பாசியின் இனம்) கூடி வாழ்வது அது. தாவரக் கணக்கில் சேராது. இருந்தாலும் தாவரம் எண்ணப் போகிறவர் அதைப் பார்க்க வேண்டும் என்பேன். நுரையீரல் மடிப்புபோல இருக்கும் லொபேரியா பல்மொனேரியா பெரிய மரத்தின் பட்டையில் தொங்கினால், அந்தக் காடு நெடுங்காலம் அறுபடாமல் இருந்திருக்கிறது என்று பொருள் கொள்வார்கள். காற்று கெட்டாலும் முதலில் மறைபவற்றில் அதுவும் ஒன்று.

மார்ச் 6, மாலை

"மக்கிய மரம் எவ்வளவு இருக்க வேண்டும்?" என்ற கேள்விக்கு: ஐரோப்பாவின் பாதுகாக்கப்பட்ட பீச் காடுகளில் அளந்தபோது சராசரி ஹெக்டேருக்கு 130 கன மீட்டர் அளவில் வந்தது. இடத்துக்கு இடம் ஏற்ற இறக்கம் மிக அதிகம். வெட்டும் காடுகளில் பெரும்பாலும் இதில் சிறு பங்குதான் கிடக்கும். கிடப்பதும் கிளையும் அடிக்கட்டையுமாக, சீக்கிரம் காய்ந்துபோகும் துண்டுகளாக இருக்கும். பருத்த மரம் நீண்ட நாள் ஈரம் பிடித்து வைக்கும். பாசிக்கு வேண்டியது அந்த ஈரம்தான்.

மார்ச் 9

மூன்று நாளாக மனதில் உறுத்துகிறது. வெட்டிய காட்டுக்கு நான் நியாயம் செய்யவில்லையோ என்று ஒரு பக்கம், வெட்டாத காட்டுக்கும் செய்யவில்லையோ என்று மறுபக்கம்.

எந்தக் காடு வெட்டப்படாமல் மிஞ்சியது என்று பாருங்கள். ஆல்ப்ஸில் மிஞ்சிய பழங்காடுகளில் பெரியது ஆஸ்திரியாவின் ரோத்வால்ட், சுமார் 400 ஹெக்டேர். அங்கிருந்து மரத்தை ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுபோக வசதியில்லை. 1875-ல் ஆல்பர்ட் ரோத்ஷில்ட் அதை வாங்கி வெட்ட வேண்டாம் என்று விட்டார். இன்று உலகப் பாரம்பரியக் களம். மற்ற இடங்களிலும் கதை இதேபோலத்தான்: செங்குத்தான சரிவு, பாறை, பனிச்சரிவு விழும் பள்ளம், எட்டாத உயரம். மண் ஆழமாக இருந்த நல்ல இடங்களெல்லாம் முன்பே கோடாரிக்குப் போய்விட்டன.

அப்படியிருக்க, உயரத்தில் மெல்லிய மண்ணில் நிற்கும் பழங்காட்டையும் கீழே கொழுத்த மண்ணில் நிற்கும் வெட்டிய காட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணினால் எதை அளக்கிறோம்? மலையில் ஒரு கிலோமீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குளிர்கிறது. இருநூறு மீட்டர் வித்தியாசமே தரைச்செடியை மாற்றப் போதும். பாறை சுண்ணாம்பா கருங்கல்லா என்பதும் பட்டியலைப் புரட்டிப்போடும். என் சதுரங்களில் உயரம் ஓரளவு பொருந்தியிருந்தது. சரிவின் முகம் பொருந்தவில்லை. வெட்டிய காடு தெற்கு நோக்கி, பழையது வடக்கு நோக்கி. தெற்குச் சரிவின் வெயிலை வெட்டின் கணக்கில் எழுதிவிட்டேன் என்று இப்போது நினைக்கிறேன்.

மார்ச் 10

அதோடு இன்னொரு பிழை. எண்ணியது ஜூலையில். பீச் மரம் இலை விடும் முன்னே, வெயில் தரையைத் தொடும் அந்தச் சில வாரத்தில் முளைத்துப் பூத்து விதைத்து, ஜூனுக்குள் மண்ணுக்குள் திரும்பும் செடிகள் ஒரு கூட்டமே உண்டு. காட்டு அனிமோன், கோரிடாலிஸ், இன்னும் பல. ஜூலையில் போனால் அந்த இடத்தில் காய்ந்த சருகுதான். என் அரைப் பக்கத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

மார்ச் 14

எறும்பு விதை பரப்புவது பற்றி ஒருவர் கேட்டதற்கு.

மேலே சொன்ன வசந்தச் செடிகளில் பலவற்றின் விதையில் எண்ணெய் நிறைந்த ஒரு சிறு சதைத் துண்டு ஒட்டியிருக்கும். எறும்பு அதற்காக விதையைத் தூக்கிப்போய், சதையைத் தின்றுவிட்டு விதையைப் புற்றுக்கு அருகே போட்டுவிடும். அருமையான ஏற்பாடு. ஆனால் ஒரு பயணம் சில மீட்டர்தான். அமெரிக்கக் காடுகளில் இப்படி எறும்பால் பரவும் டிரில்லியம் செடி முதல் பூ விடவே ஏழெட்டு ஆண்டு எடுக்கலாம். ஆக, ஒரு சரிவை மொட்டையடித்து இந்தச் செடிகள் அழிந்தால், பக்கத்துக் காட்டிலிருந்து நடந்து வந்து சேர எத்தனை தலைமுறை ஆகும் என்று நீங்களே கணக்குப் போடலாம். காற்றில் பறக்கும் ஃபயர்வீட் அடுத்த கோடையிலேயே வந்துவிடும்.

1992-ல் இதைப் பற்றி ஒரு பெரிய வாதம் நடந்தது. அமெரிக்காவின் தெற்கு அப்பலாச்சியன் மலைகளில் வெட்டாத காட்டையும், முற்றாக வெட்டி மறுபடி வளர்ந்த காட்டையும் ஒப்பிட்ட இருவர், 87 ஆண்டு கடந்த இடத்திலும் தரைச்செடிகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று எழுதினார்கள். அடுத்த ஆண்டே மறுப்புகள் வந்தன: ஒப்பிட்ட இடங்கள் ஈரத்திலும் மண்ணிலும் ஒன்றுபோல இருந்தனவா என்று. நான் 9-ஆம் தேதி எழுதிய அதே சிக்கல். ஆனாலும் எறும்பின் வேகத்தை நினைத்தால் அவர்களுடைய கவலையில் எனக்கு நம்பிக்கை உண்டு.

கவனித்தீர்களா, இங்கே வெட்டிய காட்டில் செடி குறைவு. 2010 தொகுப்பில் கூடுதல். எப்படி வெட்டினார்கள், வெட்டி எத்தனை ஆண்டு ஆனது, எந்தச் செடியை எண்ணினார்கள் என்பதைப் பொறுத்து விடை திரும்புகிறது. வெட்டிய சில ஆண்டுகள் வெளிச்சச் செடிகள் கொண்டாடும். பிறகு ஒரே வயது மரங்கள் நெருக்கமாக வளர்ந்து மூடும். நடப்பட்ட ஸ்புரூஸ் காட்டில் அந்த இருபது முப்பது வருடம் தரையில் ஊசிச் சருகைத் தவிர ஒன்றும் இருக்காது. அதற்குள் நடந்தால் காலடிச் சத்தமே கேட்காது.

மார்ச் 15

சேர்க்க மறந்தது. ஒரு சதுரத்துக்குள் எத்தனை வகை என்பது ஒரு கேள்வி. சதுரத்துக்குச் சதுரம் எவ்வளவு மாறுகிறது என்பது வேறு கேள்வி. மலை முழுக்க மொத்தம் எத்தனை என்பது மூன்றாவது. ஆல்ஃபா, பீட்டா, காமா என்று அமெரிக்கச் சூழலியலாளர் ராபர்ட் விட்டேக்கர் இவற்றுக்குப் பெயர் வைத்தது 1960-ல், ஓரிகன், கலிஃபோர்னியா எல்லையில் உள்ள சிஸ்கியூ மலைகளின் தாவரங்களைப் பற்றி எழுதியபோது. மலையில் அது பிறந்ததில் வியப்பில்லை, நூறு அடி ஏறினாலே செடி மாறுகிறதே.

வெட்டிய காட்டில் ஒவ்வொரு சதுரமும் வளமாகத் தெரியும். ஆனால் இந்தச் சரிவிலும் அடுத்த சரிவிலும் அதற்கடுத்த சரிவிலும் அதே ராஸ்பெர்ரி, அதே நெட்டில், அதே புல். முதல் கேள்விக்கு நான் அன்றே இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

மார்ச் 21

காடு பராமரிக்கும் தொழிலில் இருக்கும் ஒரு நண்பர் நீளமாக எழுதியிருக்கிறார். சுருக்கம்: "மொட்டையடிப்பதையும் அளவாக வெட்டுவதையும் ஒரே கூடையில் போடுகிறீர்கள்."

ஏற்றுக்கொள்கிறேன். சுவிட்சர்லாந்தின் எம்மென்டால் பகுதியில் நெடுங்காலமாக ஃபிர், ஸ்புரூஸ், பீச் மூன்றும் கலந்த காட்டில் ஆங்காங்கே ஒவ்வொரு மரமாகத் தேர்ந்து எடுக்கிறார்கள். காடு ஒருநாளும் வெறுமையாவதில்லை, எல்லா வயது மரமும் எப்போதும் நிற்கும். பழங்காட்டிலும் மரம் விழுவது பெரும்பாலும் ஒன்றிரண்டாகத்தான், அதனால் அந்த வெளிச்சம் இயற்கையை ஒட்டியது. அங்கே குறைவது ஒன்றே ஒன்று: மரம் கிழடாகி, நின்றபடியே செத்து, விழுந்து மக்குவது. பருத்த மரங்களில் சிலவற்றைக் குறிவைத்து விட்டுவிட்டால் அதுவும் கிடைக்கும். நண்பர் தம் காட்டில் அப்படிச் சில மரங்களை விட்டிருக்கிறாராம். நல்ல காரியம்.

அவர் சொன்ன இன்னொன்று எனக்குத் தோன்றவேயில்லை. மான்! ஃபிர் நாற்று நிழலில் பல பத்தாண்டு பொறுமையாகக் காத்திருக்கும், ஆனால் மானுக்கு அது மிகப் பிடித்தது. ஓநாய் இல்லாத மலையில் மான் பெருகினால், வெட்டாத காட்டிலும் ஃபிர் தலையெடுக்காது, உயர்ந்து வளரும் தரைச்செடிகளும் மேயப்பட்டுப் போகும். வேலி போட்ட சதுரத்துக்குள்ளும் வெளியிலும் பார்த்தால் இரண்டு வேறு காடுபோல இருக்கும். 'தொடாத காடு' என்று நாம் சொல்வதை மான் தினமும் தொடுகிறது.

மார்ச் 22

பவேரியக் காட்டுத் தேசியப் பூங்கா பற்றி இரண்டு பேர் கேட்டார்கள். 1970-ல் தொடங்கியது, ஜெர்மனியின் முதல் தேசியப் பூங்கா. 1983-ல் புயலில் விழுந்த மரங்களை எடுக்காமல் விட்டார்கள். தொண்ணூறுகளில் பட்டைத்துளைப்பான் வண்டு பெருகி மலை முகட்டு ஸ்புரூஸ் காடு பெரும் பரப்பில் செத்து நின்றது. சுற்றுவட்டாரத்தில் கடும் எதிர்ப்பு. செத்த காட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எளிதில்லை, அது எனக்கும் புரிகிறது. இன்று அங்கே சாய்ந்த வெள்ளைக் கட்டைகளுக்கிடையில் ஸ்புரூஸ் நாற்று அடர்த்தியாக வளர்ந்திருக்கிறது.

இந்த விவாதத்துக்கு அது முக்கியம். வெளிச்சம் வந்தது, ஃபயர்வீடும் ராஸ்பெர்ரியும் வந்தன. கட்டையும் அங்கேயே கிடந்தது. வெட்டினால் வெளிச்சம் மட்டும் கிடைக்கும், மரம் லாரியில் போய்விடும்.

உயரமான ஸ்புரூஸ் காட்டில் நாற்றுகள் ஏன் கட்டைமேல் வரிசையாக வளர்கின்றன என்றும் ஒருவர் கேட்டார். தரையில் புல்லும் பில்பெர்ரியும் நெருக்கிவிடும், பனிக்கு அடியில் பூஞ்சை நாற்றைக் கொன்றுவிடும். கட்டை உயரமாக இருப்பதால் பனி முன்னதாக உருகும். பல பத்தாண்டு கழித்துக் கட்டை முழுக்க மக்கிவிட்டாலும், கோடு கிழித்தாற்போல நிற்கும் மரங்களைப் பார்த்து இங்கே ஒரு மரம் விழுந்து கிடந்தது என்று சொல்லிவிடலாம்.

மார்ச் 24

வெப்பமண்டல மலைக்கு இதெல்லாம் பொருந்துமா என்று ஒரு கேள்வி. சுருக்கமாக: அங்கே கட்டையின் இடத்தை உயிருள்ள கிளையே பிடித்துக்கொள்கிறது. ஆண்டிஸின் மேகக்காட்டில் ஒரு பழைய மரத்தின் கிளையில் ஆர்க்கிட், பெரணி, அன்னாசிக் குடும்பத்துப் புரொமீலியா, பாசி என்று அடுக்கடுக்காகக் குடியிருக்கும். மரம் முதிர்ந்து பட்டை கரடுமுரடாகி, மெத்தைபோல மக்கு சேர்ந்த பிறகே பலவும் ஒட்டும். இளம் மரங்கள் மட்டும் நிற்கும் காட்டில் தரையை எண்ணினால் வித்தியாசம் தெரியாது. மேலே பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 4

முதல் கேள்வியைக் கேட்டவர் இந்தக் கோடையில் தாமே ஒரு மலைக்காட்டில் எண்ணிப் பார்க்கப் போகிறாராம். என்ன எடுத்துப் போக வேண்டும் என்று கேட்டிருக்கிறார். மகிழ்ச்சியாக இருக்கிறது.

பத்து மடங்கு லென்ஸ் ஒன்று, கழுத்தில் கயிறு கட்டி. தண்ணீர் தெளிக்கும் சிறு பாட்டில்: காய்ந்த பாசி சுருண்டு ஒன்றுபோலவே தெரியும், நாலு சொட்டு விழுந்ததும் விரிந்து அதனதன் உருவம் வந்துவிடும். முழங்காலுக்கு அடியில் போட ஒரு தடித்த துணி. மரங்கள் இலை விடும் முன் ஒரு முறையும் நடுக்கோடையில் ஒரு முறையும், அதே சதுரத்துக்குப் போங்கள். உயரம், சரிவு எந்தத் திசை, என்ன பாறை, கிடக்கும் மரத்தின் நீளம், பருமன், விரல் வைத்தால் அமுங்குகிறதா, எல்லாவற்றையும் செடிப் பட்டியலுக்கு முன்னால் எழுதிவிடுங்கள். கடைசியில் எழுதலாம் என்றால் மழை வந்துவிடும், எனக்கு இரண்டு முறை வந்தது.

கட்டைமேல் பையை வைக்கும் முன் ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள்.

ஏப்ரல் 4, சற்று நேரம் கழித்து

இன்னொன்று. பெயர் தெரியாத பாசியைப் பிய்த்து எடுத்து வராதீர்கள். பக்கத்தில் ஒரு தீக்குச்சியை வைத்துப் படம் எடுத்து இங்கே போடுங்கள், அளவு தெரியும். எனக்குத் தெரியாவிட்டால் அந்த மூத்த பெண்மணியிடம் அனுப்பிக் கேட்டுச் சொல்கிறேன். இப்போதும் அவர் பதில் எழுதுவார்.